அசல் பிரதி எங்கே இருக்க வேண்டும்? உலாவிப் பக்கத்திலிருந்து கணினிக் கோப்பைப் படித்து எழுதும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சிறு பதிப்பகம் ஒன்றுக்காகப் பிழைதிருத்தும் கருவியை உலாவிப் பக்கமாக எழுதித் தரும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. வேலை சிக்கலானதாகத் தோன்றவில்லை. நூலின் ஒவ்வொரு அத்தியாயமும் தனி டெக்ஸ்ட் கோப்பாக இருக்கும். பிழைதிருத்துநர் அதைத் திறப்பார். வல்லொற்று மிக வேண்டிய இடங்களையும் ஐயத்துக்குரிய சொற்களையும் பக்கம் வண்ணமிட்டுக் காட்டும். அவர் திருத்திவிட்டுச் சேமிப்பார். இந்தக் கடைசிச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தது. எப்படிச் சேமிப்பது என்று தீர்மானிக்க இரண்டு மாதம் பிடித்தது. வேலை செய்பவர்கள் நால்வர். அவர்களில் இருவர் விண்டோஸ் கணினியில் குரோம் வைத்திருந்தார்கள், ஒருவர் லினக்ஸில் பயர்பாக்ஸ், ஒருவர் ஐபேட். இந்த நால்வருக்கும் ஒரே பதில் கிடையாது என்பதுதான் இந்த ஒப்பீட்டை எழுதக் காரணம்.

உலாவியில் திறக்கும் பக்கம் யாரோ முகம் தெரியாதவர் எழுதிய நிரல் என்றுதான் உலாவி கருதுகிறது. ஆகவே, இன்ன கோப்புறையில் உள்ள இன்ன கோப்பைத் திற என்று பக்கம் தானாகக் கேட்க முடியாது. பயனர் தம் கையால் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் மட்டுமே பெற முடியும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கிடைக்கும் வழிகள் ஐந்தாறு உண்டு. அவற்றை வேகத்தாலோ வசதியாலோ ஒப்பிடுவதற்கு முன் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: சேமித்தபின் அசல் பிரதி எங்கே இருக்கிறது, அது அங்கே இருப்பது பயனருக்குத் தெரிகிறதா?

முதல் வழி மிகப் பழையது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் உள்ளீட்டுப் பெட்டியை ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1995 நவம்பரில் ஆர்எஃப்சி 1867 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் முன்வைத்தார்கள். அன்று கோப்பை வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புவதற்கு மட்டுமே அது பயன்பட்டது. வழங்கிக்கு அனுப்பாமல் பக்கத்துக்குள்ளேயே கோப்பைப் படிக்க உதவும் ஃபைல் ரீடர், 2010 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 3.6-இல் கிடைத்தது. இன்று எல்லா உலாவிகளிலும், கைப்பேசியிலும் ஐபேடிலும்கூட, இது தடையின்றி வேலை செய்கிறது. இந்தப் பெட்டியின் மதிப்பை நிரலில் எடுத்துப் பார்த்தால் கோப்பின் உண்மையான இருப்பிடத்துக்குப் பதிலாக, சி இயக்ககத்தில் ‘ஃபேக்பாத்’ என்ற போலிக் கோப்புறைக்குள் கோப்பு இருப்பதாகப் பதில் வரும். லினக்ஸிலும் அதே பதில்தான். உண்மையான பாதையைக் காட்டினால் பயனரின் பெயர் முதலியவை வெளிப்படும் என்பதற்காக அதை மறைத்தார்கள். பாதையில் பின்சாய்வுக்கோடு இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய தளங்கள் உடையாமலிருக்க இந்தப் போலிப் பாதையைச் சேர்த்தார்கள்.

படிப்பதற்கு இந்த வழியை மிஞ்சியது இல்லை, இடர்ப்பாடு எழுதுவதில்தான். திருத்திய உரையை நினைவகத்தில் ஒரு பிளாப் (பைட்டுகளின் தொகுதி) ஆக்கி, அதற்கொரு தற்காலிக முகவரி கொடுத்து, டவுன்லோட் பண்பு கொண்ட இணைப்பைப் பயனருக்குப் பதில் நிரலே சொடுக்குவதுதான் முறை. பயனரின் கண்ணுக்கு இது சேமிப்பாகத் தெரிந்தாலும் நடப்பது பதிவிறக்கம். அத்தியாயம்-7 என்ற கோப்பைத் திறந்து மூன்று முறை சேமித்தால், டவுன்லோட்ஸ் கோப்புறையில் அத்தியாயம்-7, அத்தியாயம்-7 (1), அத்தியாயம்-7 (2) என மூன்று கோப்புகள் கிடக்கும். முதலில் திறந்த கோப்போ தன் பழைய கோப்புறையில் பிழைகளோடு அப்படியே இருக்கும். சோதனைக் காலத்தில் இதுதான் நடந்தது. பக்க வடிவமைப்பாளருக்கு (1) என்ற கோப்பு போய்விட்டது; (2)-இல் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் அச்சுப் படிக்கு வரவில்லை. பிழைதிருத்தியவர் மீது குறைசொல்ல ஒன்றுமில்லை. ‘சேமி’ என்று பொத்தானில் எழுதியது நான். அவர் அந்தச் சொல்லை நம்பினார்.

இரண்டாம் வழி இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே வந்தது. ஃபைல் சிஸ்டம் ஆக்சஸ் என்ற இந்த இடைமுகம் 2020 அக்டோபரில் குரோம் 86-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்ட எட்ஜிலும் உண்டு. பயனர் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்ததும், உள்ளடக்கத்தோடு அந்தக் கோப்புக்கான ஒரு கைப்பிடியும் பக்கத்துக்குக் கிடைக்கிறது. முதல் முறை எழுத முயலும்போது உலாவி அனுமதி கேட்கும். தந்துவிட்டால், அதன்பின் அதே கோப்பின் மேலேயே எழுதலாம். கோப்புறை முழுவதையும்கூட இப்படிப் பெறலாம். ஆனால் இயங்குதளத்தின் கோப்புறைகளைத் தேர்ந்தெடுத்தால் குரோம் மறுத்துவிடும். கைப்பிடியை உலாவிக்குள் இருக்கும் தரவுத்தளமான இண்டெக்ஸ்டு டிபியில் போட்டுவைத்தால் மறுநாள் பக்கத்தைத் திறக்கும்போது ‘நேற்றுப் பார்த்த அத்தியாயம்’ என்று காட்ட முடியும். தளத்தின் தாவல்களையெல்லாம் மூடிவிட்டால் அனுமதியும் போய்விடும் என்பது முன்பிருந்த தொல்லை. 2024 பிப்ரவரியில் வந்த குரோம் 122 முதல், ஒவ்வொரு வருகையிலும் அனுமதி என்ற தெரிவைப் பயனர் கொடுக்கலாம்.

இதன் உள்வேலையை ஒரு முறை அருகிலிருந்து பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. எழுதத் தொடங்கியதும் உலாவி அசலைத் தொடுவதில்லை. அதன் பக்கத்தில் சிஆர்ஸ்வாப் என்ற பின்னொட்டுடன் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கி, எழுதுவதையெல்லாம் அதில் எழுதுகிறது. மூடு என்ற கட்டளை வந்த பிறகுதான், பாதுகாப்புச் சோதனையை முடித்துக்கொண்டு, தற்காலிகக் கோப்பை அசலின் இடத்தில் வைக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் அசல் பிழைத்துக்கொள்ளும். அந்த வகையில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் மூடு என்ற கட்டளை முடியும்வரை காத்திருக்காமல் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டிவிடும் நிரல் பொய் சொல்கிறது. எனது முதல் வடிவம் அந்தப் பொய்யைச் சொன்னது. இன்னொன்று: பழைய உள்ளடக்கத்தை வைத்துக்கொள் என்ற தெரிவோடு திறந்து முதலிலிருந்து எழுதினால், புதிய உரை பழையதைவிடக் குறுகியதாக இருக்கும்போது பழைய உரையின் வால் கோப்பின் இறுதியில் தொங்கும். அளவை வெட்டும் கட்டளையைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தெரிவையே தொடாமலிருப்பது மேல்.

அதே கோப்பை வேறொரு நிரல் இடையில் மாற்றியிருந்தால் இந்த இடைமுகம் எச்சரிப்பதில்லை. பகிர்ந்த கோப்புறையில் இருவர் ஒரே அத்தியாயத்தைத் திறந்தால், கடைசியில் சேமித்தவரின் பிரதி மற்றவரின் உழைப்பை விழுங்கிவிடும். ஆகவே, திறந்தபோது இருந்த கடைசித் திருத்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, எழுதுவதற்குச் சற்று முன் கோப்பை மீண்டும் எடுத்து அந்த நேரத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. பத்து வரி நிரல்தான். மறந்தால் ஓர் அத்தியாயம் போகும்.

இவ்வளவு வசதியான வழியை எல்லாரும் ஏற்றிருக்கலாமே என்று தோன்றும். பயர்பாக்ஸும் சஃபாரியும் கணினிக் கோப்பின் மேல் எழுத உதவும் இந்தத் தேர்வுப் பெட்டிகளைத் தரவில்லை. மோசில்லா இதற்கு வெளிப்படையாகவே எதிர்நிலை எடுத்தது. ஒரு பக்கத்துக்கு எழுதும் உரிமை கொடுப்பதன் பொருளைச் சாதாரணப் பயனர் ஓர் அனுமதிப் பெட்டியைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. கோப்புறை ஒன்றுக்கு உரிமை பெற்ற பக்கம் அதிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதலை உலாவிக்குள்ளிருந்தே நடத்த முடியும் என்பதை 2023-ஆம் ஆண்டு யூசெனிக்ஸ் பாதுகாப்புக் கருத்தரங்கில் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தாரும் கூகுள் ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரை காட்டியது. என் முடிவு இதனால் மாறவில்லை. ஆனால் கோப்புறை உரிமை கேட்கும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு கோப்பாகவே கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வழியைப் பற்றிப் பேசும்போதுதான் பலர் குழம்புகிறார்கள், பெயர் ஒன்றுபோல இருப்பதால். ஒவ்வொரு தளத்துக்கும் உலாவி தனக்குள்ளேயே ஒரு தனிக் கோப்பு முறைமையை ஒதுக்கித் தருகிறது. ஆரிஜின் பிரைவேட் ஃபைல் சிஸ்டம் என்று பெயர், சுருக்கமாக ஓபிஎஃப்எஸ் என்பார்கள். சஃபாரி 15.2-இலும், 2023 மார்ச்சில் பயர்பாக்ஸ் 111-இலும் வந்துவிட்டதால் இன்று இது எல்லா முக்கிய உலாவிகளிலும் கிடைக்கிறது. இதற்கு அனுமதிப் பெட்டி எதுவும் தோன்றாது, வேகமும் அதிகம். பின்னணியில் ஓடும் வொர்க்கருக்குள் ஒத்திசைவான வாசிப்பும் எழுத்தும் கிடைப்பதால் எஸ்கியூலைட் தரவுத்தளத்தையே உலாவிக்குள் இதன்மேல் ஓட்டுகிறார்கள். ஆனால் இங்கே எழுதிய கோப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் தேடினால் கிடைக்காது. மின்னஞ்சலில் இணைக்க முடியாது. பென்டிரைவில் எடுத்துப் போக முடியாது. உலாவியின் தளத் தரவை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். சஃபாரியோ 2020 மார்ச்சில் வந்த 13.1-இலிருந்து, பயனர் ஒரு தளத்தைத் தொடாமல் ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தினால், அந்தத் தளத்தின் நிரல் எழுதிவைத்த சேமிப்பை நீக்கிவிடுகிறது. முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்ட செயலிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவர் தம் திருத்தங்களைத் தேடும் காட்சியை நினைத்துப் பார்த்தால், அசல் பிரதியை இங்கே குடிவைப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும். நிரந்தரமாக வைத்துக்கொள் என்று உலாவியிடம் வேண்டுகோள் வைக்கும் கட்டளையும் உண்டு. அதை ஏற்பதும் மறுப்பதும் உலாவியின் விருப்பம்.

ஆனால் வரைவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. தட்டச்சு நின்ற இரண்டாவது விநாடியில் முழு உரையையும் இங்கே எழுதிவைத்தால், தாவல் தற்செயலாக மூடப்பட்டாலும் திருத்தங்கள் தப்பிக்கும். உலாவியின் சிறு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் வரம்பு ஏறத்தாழ 5 எம்பி, எழுதும்போது பக்கமே ஒரு கணம் நிற்கும். ஒரு நாவல் அளவுக்குப் போதும் என்றாலும் நான் அதை நாடவில்லை.

நான்காவது, கணினியிலேயே ஒரு சிறு வழங்கியை ஓட்டி, பக்கத்தை லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறப்பது. நிரலர்கள் தங்களுக்கென்று செய்துகொள்ளும்போது இதுதான் எளிது. எந்த உலாவியாக இருந்தாலும் அசல் கோப்பின் மேலேயே எழுதலாம். பைத்தான் நிரல்மொழியோடு வரும் எளிய வழங்கி கோப்பைக் கொடுக்க மட்டுமே தெரிந்தது. வாங்கி எழுதும் பகுதியை நாமே சேர்க்க வேண்டும். அந்த வழங்கி, தனியாகச் சொல்லாவிட்டால், கணினியின் எல்லா வலைப்பின்னல் முகவரிகளிலும் செவிசாய்க்கும்; அதாவது தேநீர்க் கடை வைஃபையில் உட்கார்ந்து ஓட்டினால் பக்கத்து மேசைக்காரரும் உங்கள் கோப்புறையைப் பார்க்கலாம். அந்தக் கணினியை மட்டுமே குறிக்கும் 127.0.0.1 முகவரியோடு கட்டிவைத்தாலும், அதே உலாவியில் திறந்திருக்கும் வேறொரு தளம் உங்கள் வழங்கிக்குக் கோரிக்கை அனுப்ப முயலலாம் என்பதால், கோரிக்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்க வேண்டும். பிழைதிருத்துநர் காலையில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும் என்று நான் சொன்னபோது, அவர்களில் மூத்தவர் ‘தம்பி, அதற்கு நான் காகிதத்திலேயே திருத்திவிடுவேன்’ என்றார். விவாதம் அங்கே முடிந்தது.

ஐந்தாவது, உலாவியைவிட்டே வெளியேறுவது. எலக்ட்ரான் என்ற கருவி உங்கள் பக்கத்தைக் குரோமியத்தோடும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடோடும் சேர்த்துத் தனிச் செயலியாகக் கட்டித் தருகிறது. சிறு கருவிக்கும் நூறு எம்பிக்கு மேற்பட்ட சுமை. 2022 ஜூனில் 1.0 பதிப்பை எட்டிய டாரி, இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும், பக்கங்களைக் காட்டும் பகுதியான வெப்வியூவைப் பயன்படுத்துவதால் இலேசானது. இரண்டிலும் கோப்பு உரிமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனியே கட்டி, கையொப்பமிட்டு, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு பேருக்காக அந்த வேலையை ஏற்க எனக்கு மனமில்லை; நாற்பது பேர் இருந்திருந்தால் ஒருவேளை ஏற்றிருப்பேன்.

உலாவி நீட்சிகளைப் பற்றி ஒரு பழைய வரலாறு மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2004-இல் ஜெரமி ரஸ்டன் வெளியிட்ட டிட்லிவிக்கி, முழுக் குறிப்பேட்டையும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் வைத்து, தன்னைத்தானே வட்டில் சேமித்துக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ், பயர்பாக்ஸில் அதன் உள்ளமைப்புக்கான உரிமை, வேறு சிலவற்றில் ஒரு ஜாவா ஆப்லெட் என்று உலாவிக்கு ஏற்ற வாசலைத் தேடிக்கொண்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பயர்பாக்ஸில் கைகொடுத்துவந்த டிட்லிஃபாக்ஸ் நீட்சியும், பழைய வகை நீட்சிகளைக் கைவிட்ட பயர்பாக்ஸ் 57 வந்த 2017 நவம்பரோடு செயலிழந்தது. குறிப்புகள் பயனரின் வட்டில் எச்டிஎம்எல் கோப்பாகவே இருந்ததால் யாருடைய எழுத்தும் அதனால் தொலைந்துபோகவில்லை. சேமிக்கும் வழியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. நீட்சியை நம்ப எனக்கு இருந்த தயக்கமும், அசல் பிரதியை வட்டில் வைக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இந்த ஒரே வரலாற்றிலிருந்து வந்தவை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், படிப்பதில் நேரும் ஒரு பிழையின் விளைவு எழுதும் வழியைப் பொறுத்துப் பெருகுகிறது. தமிழ்க் கோப்புகளோடு வேலை செய்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். பதிப்பகத்தின் பழைய கோப்புகளில் சில, யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் இருந்தன. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று பைட்டுகளாக இருக்கும். உலாவியின் எளிய டெக்ஸ்ட் கட்டளை எந்தக் கோப்பையும் யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கம் என்றே கருதிப் படிக்கிறது. உலாவிகள் அறிந்த குறியாக்கப் பட்டியலில் திஸ்கி இல்லை. எனவே, பொருந்தாத ஒவ்வொரு பைட்டுக்கும் பதிலாகக் கேள்விக்குறி பொதிந்த கறுப்புச் சாய்சதுரம் வருகிறது. பதிவிறக்க வழியில் இது வெறும் தொந்தரவு. அசல் அங்கேயே இருக்கிறது. ஆனால் கைப்பிடி வழியில் அதைப் பார்த்துத் திடுக்கிட்ட பயனர் பழக்கத்தால் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால், சாய்சதுரங்கள் அசலின் மேல் எழுதப்பட்டு, மூல பைட்டுகள் மீளவே முடியாதபடி போய்விடும். ஆகையால் கோப்பை முதலில் பைட்டுகளாக எடுத்து, பிழை கண்டால் நின்றுவிடும் கண்டிப்பான முறையில் டெக்ஸ்ட் டிகோடரிடம் கொடுக்கிறேன்; அது மறுத்தால் கோப்பைப் படிப்பதற்கு மட்டும் என்று குறித்து, திஸ்கி அட்டவணையை வைத்து மாற்றிக் காட்டுகிறேன். யூனிகோடு வடிவம் எப்போதும் வேறு பெயரில், வேறு கோப்பாகவே சேமிக்கப்படும்.

இதைவிடச் சிறிய, ஆனால் எரிச்சலூட்டும் மற்றொன்று வரிமுடிவு. விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் இரண்டு குறிகளால் முடியும். உரைப்பெட்டிக்குள் போனதும் அது ஒரே குறியாகிவிடும். அப்படியே திருப்பி எழுதினால், ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றிய கோப்பில் எல்லா வரிகளும் மாறியதாக ஒப்பீட்டுக் கருவி காட்டும். திறக்கும்போதே எந்த வகை என்று குறித்துக்கொண்டு, எழுதும்போது திருப்பிவைக்க வேண்டும். திருத்தப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கும்போதும் தொடக்கத்தில், இது யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் பாம் குறியைச் சேர்க்கிறேன். இல்லாவிட்டால் அதை இருமுறை சொடுக்கித் திறப்பவருக்கு எக்செல் தமிழை உருக்குலைத்துக் காட்டும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் வந்து சேர்ந்த ஏற்பாடு கலப்பானது. பக்கம் திறந்ததும், கைப்பிடி வசதி இருக்கிறதா என்று பார்க்கிறது. உலாவியின் பெயரைப் பார்ப்பதில்லை, ஏனெனில் பெயர்கள் அப்படியே இருக்கும், வசதிகள் மாறும். வசதி இருந்தால் கோப்பின் மேலேயே எழுதும். இல்லாவிட்டால் பழைய உள்ளீட்டுப் பெட்டியும் பதிவிறக்கமும். இரண்டுக்கும் பொதுவாக ஓபிஎஃப்எஸில் வரைவு போய்க்கொண்டிருக்கும். அசல் வெற்றிகரமாக எழுதப்பட்டதும் அந்த வரைவு அழிக்கப்படும். எக்ஸ்காலிட்ரா போன்ற வரைபலகைகளும் இத்தகைய இரட்டை வழியையே பின்பற்றுகின்றன. அதற்கென்று கூகுள் குரோம் குழுவினர் வெளியிட்ட சிறிய நிரலகம் ஒன்றும் உண்டு. பதிவிறக்க வழியில் கோப்பின் பெயரோடு நாளும் மணியும் சேர்கின்றன. எனவே (1), (2) என்ற குழப்பம் இப்போது இல்லை, எது பிந்தியது என்பது பெயரிலேயே தெரிகிறது. ஐபேடில் அந்தப் பிரதி கோப்புகள் செயலிக்குள் போய் விழுகிறது. அங்கிருந்து அவர் மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்.

பொத்தானின் பெயரையும் மாற்றினேன். குரோம் வைத்திருக்கும் இருவருக்கு ‘சேமி’ என்றே தெரியும். மற்ற இருவருக்கு அதே இடத்தில் ‘புதிய பிரதி இறக்கு’ என்று தெரியும். லினக்ஸ்காரர் முதல் நாள் ‘எனக்கு மட்டும் ஏன் நீளமான பொத்தான்?’ என்று கேட்டார். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, பழைய பிரதிகளைத் தாமே ஒரு தனிக் கோப்புறைக்கு மாற்றத் தொடங்கினார்.